நிற்கத் தெரிந்த ரயில்: ஷின்கான்சென் பிறந்த கதை

1964 ஒக்டோபர் 1, காலை 6 மணி. டோக்கியோ நிலையத்தில் நீலமும் வெள்ளையும் பூசிய ஒரு ரயில் ஒசாகாவுக்குப் புறப்படுகிறது. பெயர் ஹிகாரி, ஒளி எண்டு அர்த்தம். இன்னும் ஒன்பது நாளில் டோக்கியோ ஒலிம்பிக் தொடங்கப் போகிறது. பழைய பாதையில் ஆகக் கெதியான ரயிலுக்கே ஆறரை மணித்தியாலம் எடுத்த பயணம் இனி 4 மணித்தியாலம். அடுத்த வருசமே அது 3 மணி 10 நிமிடமாகக் குறையும். உச்சக் கதி மணிக்கு 210 கிலோமீற்றர். அந்த நேரம் உலகத்தில் வேறெங்கும் ஒரு பயணிகள் ரயில் நாளாந்தம் அப்படி ஓடவில்லை.

அந்த மேடையில் நின்றிருக்க வேண்டிய இரண்டு பேர் அங்கே இல்லை. ஒருவர் சோகோ ஷிஞ்ஜி, ஜப்பான் தேசிய ரயில்வேயின் தலைவராக இருந்து இந்தப் பாதையைக் கட்ட வைத்தவர். மற்றவர் ஷிமா ஹிதேயோ, அதன் தலைமைப் பொறியியலாளர். இரண்டு பேருக்கும் அந்தப் புறப்பாட்டு விழாவுக்கு அழைப்பு இல்லை. ஷிமா வீட்டில் இருந்து ரீவியில் பார்த்தார்.

அதிவேக ரயில் எண்டதும் எங்களுக்கு முதலில் ஞாபகம் வாறது ஒரு இலக்கம். 300, 350, 574.8. யூரியூப்பில் கதிமானியைப் படம் பிடித்துப் போடுகிற வீடியோக்களை நாங்களும் பார்த்திருக்கிறம், வாயைப் பிளந்திருக்கிறம். ஆனால் இந்த ரயில் பிறந்த கதையை வாசிக்க வாசிக்க அந்த இலக்கம் பின்னுக்குப் போய், வேற ரெண்டு கேள்வி முன்னுக்கு வந்துவிட்டது. ஓடத் தொடங்கியதை எப்படி நிப்பாட்டுவது? இந்த அறிவு எங்கே இருந்து வந்தது?

வேகம் பெரிய விசயமில்லை

1955 மார்ச் கடைசியில் பிரான்சின் தென்மேற்கில் இரண்டு மின்சார எஞ்சின்கள் அடுத்தடுத்த நாள்களில் 300ஐத் தாண்டின. உலக சாதனை மணிக்கு 331 கிலோமீற்றர். ஷின்கான்சென் வருவதற்கு ஒன்பது வருசத்துக்கு முன்னமே இது நடந்து முடிந்தது. ஆனால் ஓட்டம் முடிந்தபிறகு எடுத்த படத்தைப் பார்த்தால் தண்டவாளம் பாம்பு மாதிரி நெளிந்து கிடக்கும். மின்கம்பியைத் தொடுகிற கை உருகிப் போயிருந்தது. ஒருநாள் ஓடிக் காட்டலாம். அடுத்த நாள் காலையில் அதே பாதையில் ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு போகேலாது.

ஒரு ரயில் கதியாக ஓட வேணுமெண்டால் பலமான மோட்டர் மட்டும் போதாது. எது எது அந்தக் கதியில் பிழைக்கும் எண்டு ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, அதற்கு மருந்து தேட வேணும். சில்லு ஆடும். தண்டவாளம் வளையும். சாரதிக்கு சமிக்ஞை விளக்கு தெரியாது. சுரங்கத்துக்குள் காது அடைக்கும். ஜப்பான்காரர் செய்தது இந்தப் பட்டியலை முழுசாக எழுதி, ஒவ்வொரு வரியாகக் கீறி அழித்ததுதான்.

தகப்பன் விட்ட வேலை

ஜப்பானின் முதல் ரயில் பாதை 1872இல் திறந்தது. தண்டவாளங்களுக்கு இடையே அகலம் 1067 மில்லிமீற்றர். மலைநாடு, காசில்லாத காலம், ஒடுக்கமான பாதை மலிவு. ஐரோப்பாவின் நியம அகலம் 1435. ஒடுக்கப் பாதையில் பாரமும் கதியும் கூட்டேலாது எண்டு சொல்லி, முழுப் பாதையையும் அகலமாக்கச் சொன்ன பொறியியலாளர்களில் ஒருவர் ஷிமா யசுஜிரோ. அரசாங்கம் கேட்கவில்லை. புதுப் பாதைகளைக் கூடுதலாகப் போட்டால் தொகுதிக்கொரு நிலையம் கிடைக்கும், வாக்கும் கிடைக்கும். அவர் 1919இல் வேலையை விட்டுப் போனார்.

(அகலம் மட்டும் இருந்தால் வேகம் வந்துவிடும் எண்டு நினைக்கவேண்டாம். எங்கட நாட்டுத் தண்டவாளம் 1676 மில்லிமீற்றர், ஷின்கான்சென்னை விட அகலம். யாழ்தேவி என்ன கதியில் போகுது எண்டு எல்லாருக்கும் தெரியும்.)

1940இல் அதே யோசனை வேறு முகத்தோடு திரும்பி வந்தது. டோக்கியோவில் இருந்து ஷிமோனோசெக்கி வரை நியம அகலத்தில் ஒரு புதுப் பாதை. மக்கள் அதை "துப்பாக்கிக் குண்டு ரயில்" எண்டு கூப்பிட்டார்கள். அந்தத் திட்டத்திலும் யசுஜிரோ இருந்தார். ஆனால் இப்போது அதைத் தள்ளியது போர். சீனாவில் சண்டை, கொரியா ஏற்கெனவே கையில், கண்டத்துக்கு ஆள்களையும் சாமான்களையும் அனுப்ப வேணும். அதற்காகக் காணிகளை வாங்கினார்கள். அந்தக் காலத்தில் விற்கமாட்டன் எண்டு சொல்ல ஒருத்தருக்கும் வழியில்லை. சுரங்கங்கள் தோண்டத் தொடங்கினார்கள். போர் தோற்கத் தொடங்க வேலையும் நின்றுபோனது. 1946இல் யசுஜிரோ இறந்தார். பின்னுக்கு ஷின்கான்சென் இவ்வளவு கெதியாகக் கட்டி முடிந்ததற்கு, அந்தப் போர்க்காலக் காணியும் பாதி தோண்டின சுரங்கமும் ஒரு காரணம். இதை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக்கூடாது.

ஹிதேயோ யசுஜிரோவின் மகன். 1951 ஏப்ரல் 24 அன்று யோகொஹாமாவின் சகுராகிச்சோ நிலையத்தில் அறுந்து தொங்கிய மின்கம்பியில் ஒரு ரயில் மாட்டித் தீப்பிடித்தது. அது போர்க்காலச் சிக்கனத்தில் வடிவமைத்த பெட்டி. யன்னல் ஒருவர் வெளியே குதிக்கேலாத அளவு சின்னது, கதவைத் திறக்க முடியவில்லை. 106 பேர் எரிந்து செத்தார்கள். ரயில் பெட்டிகளுக்குப் பொறுப்பாக இருந்த ஹிதேயோ பொறுப்பேற்று விலகினார்.

1955இல், 71 வயதில், சோகோ ரயில்வேயின் தலைவரானார். முதல் வேலையாக ஹிதேயோவைத் திரும்பக் கூப்பிட்டார். அவர் முதலில் மாட்டேன் எண்டதாகவும், தகப்பன் விட்டுப்போன வேலையை மகன் முடிக்க வேண்டாமா எண்டு சோகோ கேட்டதாகவும் சொல்வார்கள். எப்படியோ, வந்தார்.

போரில் இருந்து வந்த மூன்று பேர்

1945இல் தோற்ற ஜப்பானில் விமானம் செய்வதையும், விமான ஆராய்ச்சியையும் நேச நாட்டுப் படைகள் தடை செய்தன. கடற்படையிலும் இராணுவத்திலும் இருந்த எத்தனையோ பொறியியலாளர்கள் ஒரே நாளில் வேலையில்லாதவர்கள். அவர்களில் பலரை ரயில்வேயின் ஆராய்ச்சி நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஊரே பசியில் கிடக்கிற நேரம், சில்லும் எஞ்சினுமாக வளர்ந்த ரயில்காரருக்கு இந்த விமானக்காரர் தேவையில்லாத சுமையாகத்தான் தெரிந்திருக்கும்.

மட்சுடைரா தடாஷி கடற்படையில் அதிர்வு ஆராய்ச்சி செய்தவர். சீரோ போர்விமானம் 1940இலும் 1941இலும் பாய்ச்சலில் வானத்திலேயே உடைந்து, பரிசோதனை விமானிகள் இறந்தார்கள். ஏன் உடைந்தது எண்டு தேடினவர்களில் அவர் முக்கியமானவர். ஒரு குறிப்பிட்ட கதியைத் தாண்டினால், செட்டையின் சின்ன நடுக்கத்துக்குக் காற்றே சக்தி கொடுக்கத் தொடங்கும். நடுக்கம் தானாக வளர்ந்து செட்டையை முறிக்கும்.

ரயிலுக்கு வந்தவர் கண்டது அதே நோயைத்தான். ரயில் சில்லின் விளிம்பு மட்டமானதில்லை, மெல்லிய கூம்பு வடிவம். இரண்டு சில்லும் ஒரே அச்சில் இறுக்கமாகப் பூட்டியிருக்கும். அச்சு கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தால், வலது சில்லு தன் பெரிய ஆரையில் உருளும், கூடத் தூரம் போகும், அச்சைத் திருப்பி நடுவுக்குக் கொண்டு வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் நடுவில் நிற்காமல் மற்றப் பக்கம் போய்விடும், திரும்ப வரும். மெதுவாகப் போகும்போது இந்த ஆட்டம் அடங்கிவிடும். ஒரு எல்லையைத் தாண்டினால் அடங்காது, வளரும். கடைசியில் சில்லு தண்டவாளத்தை விட்டு ஏறும்.

ரயில் ஆடுவதற்குப் பிழையான தண்டவாளம்தான் காரணம் எண்டு பழையவர்கள் நம்பினார்கள். மட்சுடைரா அது ரயிலுக்கு உள்ளேயே இருக்கிற குணம் எண்டார். உருளைகளுக்கு மேலே சில்லை ஓடவிட்டுப் பரிசோதித்தார்கள். ஆட்டத்தை இல்லாமல் பண்ணேலாது, ஆனால் அது தொடங்குகிற கதியைத் தூரத் தள்ளலாம். சில்லின் கூம்புச் சரிவைக் குறைத்து, அச்சைச் சரியான இறுக்கத்தில் பிடித்து, பெட்டிக்குக் கீழே காற்று வில் வைத்து, 210க்கு எட்டாத இடத்துக்கு அதைத் தள்ளினார்கள்.

இராணுவத்தில் இருந்து வந்த கவானாபே ஹஜிமேயின் துறை சமிக்ஞை. 210இல் ஓடுகிற ரயில் நிற்க 2 கிலோமீற்றருக்கு மேல் வேணும். பாதையோரம் சிவப்பு விளக்கைக் கண்டபிறகு பிறேக் பிடித்தால் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே விளக்கையே எடுத்துவிட்டார்கள். தண்டவாளத்தினூடாக மின் சமிக்ஞை போகும். முன்னால் இன்னொரு ரயில் நின்றால் அதன் சில்லுகளே அந்தச் சுற்றை மூடிக் காட்டிக்கொடுக்கும். அதைப் பொறுத்து சாரதிக்கு முன்னால் 210, 160, 110, 70, 30 எண்டு இலக்கம் தெரியும். அதை விடக் கூட ஓடினால் ரயில் தானாகவே பிறேக் பிடிக்கும். மனிசன் பிழைவிடுவான் என்பதை ஒத்துக்கொண்டு கட்டின பாதை இது.

மூன்றாவது ஆள் மிகி ததானாவோ. அவரைப் பற்றி எழுதுவது எங்களுக்கு லேசாக இல்லை. காற்றைக் கிழித்துப் போகும் உடலமைப்பில் கெட்டிக்காரர். கடற்படைக்காக கிங்கா குண்டுவீச்சு விமானத்தில் வேலை செய்தார். 1944இல் ஓகா என்ற ஒன்றை வடிவமைத்த குழுவில் அவர் இருந்தார். ஓகா எண்டால் செர்ரிப்பூ. தாய் விமானத்தின் வயிற்றில் கட்டிக் கொண்டுபோய் விடுவார்கள். மூக்கில் 1.2 தொன் வெடிமருந்து, உள்ளே ஒரு விமானி. சில்லு கிடையாது. இறங்குவதற்கு ஒண்டுமில்லை. திரும்பி வாற தேவையை வரைபடத்திலேயே அழித்துவிட்ட இயந்திரம்.

போர் முடிந்தபிறகு மிகி கிறிஸ்தவரானார். மோட்டர் வாகனத் துறைக்குப் போனால் அது யுத்த டாங்கியில் முடியும், கப்பலுக்குப் போனால் போர்க்கப்பலில் முடியும், ரயில் மட்டும்தான் சமாதானத்துக்கு உரியது எண்ட கருத்தில் பின்னாளில் பேசியிருக்கிறார். அவர் வேதனைப்பட்டது உண்மையாக இருக்கும். ஆனால் 1940ஆம் ஆண்டுத் திட்டத்தை நினைத்துப் பாருங்கோ. ரயிலும் போருக்குப் போகக் காத்திருந்ததுதான். எந்த இயந்திரமும் பிறக்கும்போது சமாதானத்தோடு பிறப்பதில்லை.

ஆவணப்படங்களில் இந்தக் கதையை அழகாகச் சொல்வார்கள்: கொல்லப் படித்தவர்கள் மனிதரைச் சுமக்கப் படித்தார்கள், எல்லாம் கழுவப்பட்டது. எங்களுக்கு அவ்வளவு லேசாகக் கடந்துபோக முடியவில்லை. வடிவமைத்தவருக்கு இரண்டாவது வாழ்க்கை கிடைத்தது. ஓகாவுக்குள் இருந்த பெடியங்களுக்குக் கிடைக்கவில்லை. அதேநேரம் அந்த அறிவைத் தூக்கி எறிந்திருந்தால் யாருக்கு லாபம் எண்டும் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேணும்.

1957 மே 30, ஆராய்ச்சி நிறுவனத்தின் 50ஆவது ஆண்டு விழா. டோக்கியோ கின்சாவில் ஒரு மண்டபம். இந்த மூன்று பேரும், தண்டவாள நிபுணர் ஹோஷினோவும் பேசினார்கள். டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே 3 மணித்தியாலம் சாத்தியம் எண்டு கணக்கோடு காட்டினார்கள். சோகோவுக்குத் தேவையாக இருந்தது அதுதான்.

48 மோட்டர்

ஷிமாவின் பெரிய முடிவு, முன்னுக்கு இழுக்கிற எஞ்சினே வேண்டாம் என்பது. ஒரு எஞ்சின் 12 பெட்டியை இழுக்க வேணுமெண்டால் அது பாரமாக இருக்க வேணும், அந்தப் பாரம் தண்டவாளத்தைச் சாகடிக்கும். அதற்குப் பதிலாக, மட்டைத்தேளுக்கு உடம்பு முழுக்கக் கால் இருக்கிற மாதிரி, 12 பெட்டியின் 48 அச்சுக்கும் ஒவ்வொரு மோட்டர். ஒவ்வொன்றும் 185 கிலோவாற்று. பாரம் எல்லா இடமும் பரவுகிறது, ஒரு மோட்டர் பழுதானாலும் ரயில் போகும்.

இதைவிடப் பெரிய லாபம் நிற்பதில் இருந்தது. பாடசாலையில் படித்ததை ஞாபகப்படுத்திப் பாருங்கோ: கதி இரண்டு மடங்கானால் இயக்க சக்தி நாலு மடங்கு. பழைய ரயில் 110இல் ஓடியது, புதியது 210. அந்தச் சக்தியை எல்லாம் பிறேக் கட்டையின் உராய்வால் மட்டும் விழுங்கினால் கட்டை எரிந்துபோகும். மோட்டரைத் திருப்பி மின்பிறப்பாக்கியாக ஓடவிட்டால் அதுவே பிறேக். மோட்டர் 48 எண்டால் பிறேக்கும் 48. ஓட வைக்கிற அதே உறுப்பு நிற்கவும் வைக்கிறது.

பாதையும் அப்படித்தான். ஒரு கடவை கூட இல்லை, மாடோ லொறியோ குறுக்கே வராது. வளைவுகளின் ஆரை பொதுவாக 2500 மீற்றருக்குக் குறையாது. 1962 முதல் ஒடவாராவுக்குப் பக்கத்தில் ஏறத்தாழ 32 கிலோமீற்றர் பரிசோதனைப் பாதையில் ஓடிப் பார்த்தார்கள். 1963 மார்ச்சில் 256ஐத் தொட்டது. சுரங்கத்துக்குள் நுழையும்போது அமுக்கம் சடாரென்று மாறிக் காது வலிக்கிறது என்பது அங்கேதான் பிடிபட்டது. ஆகவே பெட்டிகளை விமானம் மாதிரி காற்றிறுக்கமாக மூடினார்கள்.

ஒரு பொய்க்கணக்கு

அப்படியெண்டால் சோகோவும் ஷிமாவும் ஏன் மேடையில் இல்லை? காசு.

உண்மையான செலவைச் சொன்னால் பாராளுமன்றம் விடாது எண்டு சோகோவுக்குத் தெரியும். விமானமும் நெடுஞ்சாலையும் வாற காலத்தில் ரயிலுக்கு இவ்வளவு செலவா எண்டு பலர் சிரித்தார்கள். சீனப் பெருஞ்சுவர், பிரமிட், யமாட்டோ போர்க்கப்பல் வரிசையில் இன்னொரு வீண்வேலை எண்டு கேலி செய்தார்கள். சோகோ 200 பில்லியன் யென்னுக்குக் கொஞ்சம் குறைவாகக் கணக்குக் காட்டினார். அது பொய்க்கணக்கு எண்டு அவருக்கே தெரியும். அதோடு உலக வங்கியிடம் கடன் கேட்டார்கள். பரிசோதிக்காத தொழில்நுட்பத்துக்கு வங்கி காசு தராது என்பதால், இதில் புதிதாக ஒண்டுமில்லை, எல்லாம் ஏற்கெனவே தனித்தனியாக நிரூபித்ததுதான் எண்டு வாதாடினார்கள். 1961இல் 80 மில்லியன் டொலர் கிடைத்தது. மொத்தச் செலவில் அது சின்னப் பங்குதான். ஆனால் வெளிநாட்டுக்கு வாக்குக் கொடுத்த வேலையை இனி எந்த அரசாங்கமும் பாதியில் விடேலாது. அதுதான் நோக்கம்.

செலவு 380 பில்லியன் யென்னில் போய் முடிந்தது. 1963 மே மாதம் சோகோவின் பதவிக்காலம் முடிய அவரை விட்டுவிட்டார்கள். ஷிமாவும் கூடவே விலகினார்.

அவர் செய்தது சரியா? எங்கட வாசிப்பு வட்டத்தில் இதில் இரண்டு கட்சி. உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த ரயில் பிறந்திருக்காது என்பது ஒரு கட்சி. மக்கள் காசில் பொய்க்கணக்குக் காட்டிக் கட்டிய எத்தனை திட்டங்கள் வெறும் கடனாக முடிந்தன, வென்றவன் கதை மட்டும் காதுக்கு வருது என்பது மற்றக் கட்சி. ஒன்று மட்டும் சொல்லலாம்: ஹிகாரி ஓடத் தொடங்கிய அதே 1964இல்தான் ஜப்பான் தேசிய ரயில்வே நட்டத்தில் விழத் தொடங்கியது. 1987இல் பெருங்கடனோடு அதைப் பிரித்துத் தனியாரிடம் கொடுத்தார்கள். ஷின்கான்சென் பாதை லாபத்தில்தான் ஓடியது. நட்டத்துக்கு வேற காரணங்கள் நிறைய. ஆனாலும் ஒரு அதிசய ரயில் ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றாது.

பாதையோரம் வீடு இருந்தவர்கள்

நகோயா நகரத்தில் இந்தப் பாதை வீடுகளுக்கு நடுவால் போகிறது. சில நிமிடத்துக்கு ஒரு தடவை, காலை முதல் இரவு வரை, வீடு அதிரும். பிள்ளை நித்திரை கொள்ளாது, வருத்தக்காரர் படுக்கேலாது. 1974இல் 575 பேர் வழக்குப் போட்டார்கள். அவர்கள் கேட்டது ரயிலை நிப்பாட்டச் சொல்லியில்லை, எங்கட வீட்டைக் கடக்கும்போது மெதுவாகப் போ எண்டுதான். 1980இல் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொன்னது, கதியைக் குறைக்கச் சொல்லவில்லை. 1986இல்தான் இணக்கத்தோடு முடிந்தது.

வழக்கில் வென்றார்களா எண்டு சொல்வது கஷ்டம். ஆனால் 1975இல் அரசாங்கம் குடியிருப்புப் பகுதிக்கு 70 டெசிபெல் எண்டு எல்லை வைத்தது. அதுக்குப் பிறகு ஜப்பானில் ரயிலின் கதியைத் தீர்மானித்தது மோட்டரை விடச் சத்தம்தான். 1997இல் 300ஐத் தொட்ட 500 தொடர் ரயிலின் முன்பக்கம் 15 மீற்றர் நீளக் கூர்மூக்கு. சுரங்கத்தில் இருந்து வெளியே வாற நேரம் குண்டு வெடித்த மாதிரிச் சத்தம் வராமல் இருக்கத்தான் அது. பறவை பார்க்கிற பழக்கமுள்ள ஒரு பொறியியலாளர், நகாட்சு எய்ஜி, மீன்கொத்தி தண்ணீர் தெறிக்காமல் பாய்வதைக் கவனித்து அதில் இருந்து எடுத்தார். மீன்கொத்திக் கதை எல்லா இடமும் பரவிவிட்டது. அதுக்கு முன்னால் நித்திரையில்லாமல் நீதிமன்றம் ஏறிய 575 பேரை ஒருவரும் சொல்வதில்லை.

ஒருவரும் சாகாத அன்று

2004 ஒக்டோபர் 23, நீகாட்டா பகுதியில் பெரிய பூமியதிர்ச்சி. மணிக்கு 200 கிலோமீற்றரில் போய்க்கொண்டிருந்த தோக்கி 325 என்ற ரயில் தடம் புரண்டது. உள்ளே 150க்கு மேற்பட்டோர். ஒருவரும் இறக்கவில்லை. 2011 மார்ச் 11 பேரதிர்ச்சி வந்தபோது, கரையோரக் கருவிகள் முதலில் வருகிற மெல்லிய அலையைப் பிடித்து மின்சாரத்தை வெட்டின. பெரிய குலுக்கம் வருவதற்குள் ரயில்கள் பிறேக் பிடிக்கத் தொடங்கியிருந்தன. பயணிகளோடு ஓடிய ஒரு ஷின்கான்சென்னும் தடம் புரளவில்லை. 1964 முதல் இன்றுவரை மோதியோ தடம் புரண்டோ ஒரு பயணியும் ஷின்கான்சென்னில் சாகவில்லை.

2004இல் பத்திரிகைகள் அதிசயம் எண்டு எழுதின. பொறியியலாளர்கள் அதைத் தோல்வி எண்டு எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் சாகவில்லை, சரி, ஆனால் சில்லு ஏன் இறங்கியது? இறங்கினபிறகும் ஏன் கவிழவில்லை, அது வெறும் அதிட்டமா? பார்த்தால், இறங்கின சில்லுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பாகம் தண்டவாளத்தில் மாட்டி, பெட்டி தூரப் போகாமல் பிடித்திருந்தது. அதிட்டத்தை நம்பாமல், அதே வேலையை வேணுமெண்டே செய்கிற ஒரு இரும்புத் துண்டைச் செய்து, ஆங்கில எல் எழுத்து வடிவத்தில், சில்லுகளுக்குப் பக்கத்தில் பூட்டினார்கள்.

சகுராகிச்சோவில் எரிந்த பெட்டிக்குப் பிறகு ஷிமா ஹிதேயோ செய்ததும் இதே வேலைதான். டோக்கியோ நிலையத்தில் 18ஆம் 19ஆம் மேடைகளின் முடிவில் சோகோவுக்கு ஒரு நினைவுப் பலகை பிறகு வைத்தார்கள். ஷிமா 1998இல் இறந்தார். அந்த இரும்புத் துண்டு பெட்டிகளுக்கு அடியில், ஒருவரும் பார்க்காத இடத்தில் இருக்கிறது. கதிமானியைப் படம் பிடிக்கிற வீடியோவில் அது தெரியாது.